நெருப்பு மலையும் பெருமாள் மலையும்

கொடைக்கானலுக்குப் பிரயாணம் செய்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் பெருமாள்மலையில் இறங்குவதில்லை. மீதி இரண்டு பேரும் வளைவுகளின் வேகம் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக் கொண்டு இறங்குகிறவர்கள். நாமும் இந்த வழியில் எத்தனையோ தடவை போயிருக்கிறோம். ஏரி, படகு, தூண்பாறை, கோக்கர் நடை என்று பிரசித்தி பெற்ற அழகுகளையெல்லாம் குழந்தைகளுக்குக் காட்டித் திரும்பியிருக்கிறோம். ஆனால் ஏரிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கீழே இருக்கும் இந்த ஊரைப் பற்றி, ஜன்னல் வழியே தெரியும் நாலு வாழைப்பழக் கடைகளுக்கு மேல் நமக்கு ஒன்றும் தெரியாது. சென்ற புரட்டாசியில், காலாண்டுப் பரீட்சை விடுமுறையில், ஒரு மரம் செய்த உபகாரத்தால் தெரிந்து கொண்டோம்.

நம்முடன் வந்தவர் நம் பள்ளிக்கூடத்திலேயே கணக்கு சொல்லிக் கொடுக்கும் நண்பர். வத்தலக்குண்டில் பஸ் கால் மணி நேரம் நின்றது. சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர் அது. ராஜம் ஐயர், பி. எஸ். ராமையா, சி. எஸ். செல்லப்பா என்று எழுத்தாளர்களும் அந்தச் சிற்றூரில் வரிசையாக விளைந்திருக்கிறார்கள். தண்ணீரில் ஏதோ இருக்க வேண்டும் என்பது நண்பரின் அபிப்பிராயம். இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தும் பார்த்தார். இதுவரை பலன் தெரியவில்லை.

காமக்காபட்டி தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. புளியும் இலவமும் பின்தங்கி, காப்பித் தோட்டங்களும் அவற்றுக்கு நிழல் தரும் நெட்டை மரங்களும் வருகின்றன. ஊத்து என்னும் இடத்துக்கு மேலே மேகம் டிக்கெட் வாங்காமலே பஸ்ஸுக்குள் ஏறிக் கொள்கிறது. மேஜர் லா என்ற ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வகுத்த தடம் இது. வண்டிகள் இதில் ஏறுவதற்கு அடுத்த நூற்றாண்டு பிறந்து பல வருஷங்கள் ஆக வேண்டியிருந்தது. அதற்கு முன்பெல்லாம் பெரியகுளத்துக்கு மேலே கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்துதான் வழி. துரைமார்கள் டோலியில் ஏறினார்கள். டோலியைத் தூக்கியவர்கள் தங்கள் கால்களில் ஏறினார்கள்.

பெருமாள்மலையை நெருங்கும் சமயத்தில் மழை வலுத்தது. ஊருக்குள் பஸ் நின்றது. வெள்ளி அருவிக்குக் கீழே ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து பாதையை மறித்து விட்டதாகவும், அறுத்து அகற்ற மூன்று மணி நேரமாவது ஆகும் என்றும் நடத்துநர் அறிவித்தார். பிரயாணிகள் பாதிப் பேர் அவரைத் திட்டினார்கள். மரத்தை அவரே தள்ளி விட்டாற் போல! நாம் குடையை விரித்துக் கொண்டு இறங்கினோம்.

ஊர் என்பது ஒரு சந்திப்பு. வத்தலக்குண்டுப் பாதையும் பழனியிலிருந்து ஏறி வரும் பாதையும் இங்கே கூடுகின்றன. பக்கத்திலிருந்து இன்னொரு தடம் அடுக்கம் வழியாகக் கும்பக்கரைக்கும் பெரியகுளத்துக்கும் இறங்குகிறது. ஊருக்குத் தன் பெயரைக் கொடுத்த சிகரம் ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தோடு தலைக்கு நேரே நிற்கிறது. சரிவெங்கும் காப்பி, மிளகு, வெண்ணெய்ப் பழம், சவ்சவ் பந்தல். மலைவாழை முன்போல் இல்லை என்கிறார்கள். முடிக்கொத்து நோய் வந்து இந்த மலைகளில் தோட்டம் தோட்டமாக அழித்து விட்டது. சுற்றுப்புறக் குன்றுகளில் ஆதி மனிதர்கள் இறந்தவர்களுக்கு எடுத்த கற்திட்டைகள் பல உண்டு. செண்பகனூர்ச் சேசு சபைப் பாதிரிமார்கள் அவற்றை அளந்து 1928-இல் புத்தகமே வெளியிட்டிருக்கிறார்கள். நான்கு பலகைக் கற்கள், மேலே ஒரு மூடு கல். யாருக்காக வைத்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

சந்திப்பில் தகரக் கூரை போட்ட ஒரு தேநீர்க் கடை. உள்ளே பெஞ்சில் இடம் கிடைத்தது. மழை சற்று ஓய்ந்ததும் பெருமாள் சிகரத்தைச் சுற்றி மேகம் சுருள் சுருளாகக் கிளம்பியது. நண்பர் அதைப் பார்த்து, "எரிமலை புகைவது போலவே இருக்கிறதே!" என்றார்.

பெஞ்சின் கோடியில் கம்பளிச் சால்வை போர்த்து உட்கார்ந்திருந்த ஒரு முதியவர் சட்டென்று திரும்பினார்.

"எரிமலையை நீங்க பாத்திருக்கீங்களா சார்?"

நேரில் பார்த்ததில்லை, படத்தில் பார்த்திருக்கிறோம் என்றோம்.

"அப்படின்னா ஒரு மலை நெருப்புக் கக்குறது நெசந்தானா?"

பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பையன் கேட்டிருந்தால் பலகையில் படம் போட்டு விளக்கியிருப்போம். எண்பத்து நான்கு வயசுக்காரர் கேட்டார். அதுவும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் வீட்டுக்கு வீடு வந்து விட்ட காலத்தில். அவர் பேரன்மார்களிடம் இதைக் கேட்டிருக்க முடியாதா? கேட்டிருக்கலாம். கேட்காமலே இத்தனை வருஷம் இருந்து விட்டார். காரணம் இருந்தது. அதை அவர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார்.

அவருடைய தகப்பனார் 1940-ஆம் வருஷம் பட்டாளத்தில் சேர்ந்தவர். மலையில் அந்த வருஷம் கையில் காசு புழங்கவில்லை. ஒரு விடியற்காலையில் அடுக்கம் தடம் வழியாக இறங்கிப் பெரியகுளம் போனார், அங்கிருந்து மதுரை, மதுரையிலிருந்து பெங்களூர். கலியாணமாகி ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது. இவர் பிறந்த போது தகப்பனார் மலாய் நாட்டில் இருந்தார். ஆகவே தகப்பனும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

"நாலு மாசத்துக்கு ஒருக்கா பணம் வரும். அப்புறம் நின்னு போச்சு. இங்கிலீஷ்ல ஒரு காயிதம் வந்துச்சு. 'ஆளக் காணோம்'னு போட்டிருக்குன்னு படிச்சவங்க சொன்னாங்க. எங்க அப்பத்தா சொல்லுச்சாம், 'காணோம்னுதானே போட்டிருக்கு, செத்துட்டான்னா போட்டிருக்கு?'ன்னு."

இங்கே அவரைச் சற்று நிறுத்தி விட்டு, அந்தக் காலத்து விவகாரத்தை வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. நம்முடைய பாடப் புத்தகங்களில் இதற்கு ஒரு வரி கூட ஒதுக்கப்படவில்லை. இருபது வருஷமாக அந்தப் புத்தகங்களைக் கையில் வைத்துக் கொண்டு பாடம் நடத்திய குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு.

தமிழர்கள் போருக்கு ஏற்ற ஜாதியல்ல என்று பிரிட்டிஷார் ஒரு சித்தாந்தம் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு இந்தியாவைப் பிடித்துக் கொடுத்ததே மதராஸ் சிப்பாய்கள்தான் என்பது வசதியாக மறந்து போயிற்று. முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு மதராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் கண்ணி வைப்பதுமான வேலை செய்யும் மதராஸ் சாப்பர்ஸ் மட்டும் பெங்களூரில் மிஞ்சி நின்றது. அந்தப் படையின் வீரர்களை இன்றுவரை ராணுவத்தில் 'தம்பி' என்றுதான் செல்லமாக அழைக்கிறார்கள். 1939-இல் ஹிட்லர் கிளம்பியதும் சித்தாந்தம் பறந்து போயிற்று, கதவு திறந்தது. அப்போது சாதாரணச் சிப்பாயின் சம்பளம் மாதம் 16 ரூபாய்; சோறும் துணியும் சர்க்கார் பொறுப்பு. மானம் பார்த்த மண்ணில் அது சிறிய தொகையல்ல.

அதே மாதங்களில் நாட்டில் வேறொன்றும் நடந்து கொண்டிருந்தது. ஜனங்களைக் கேட்காமல் இந்தியாவை யுத்தத்தில் இழுத்து விட்டதற்காகக் காங்கிரஸ் மந்திரி சபைகள் 1939 கடைசியில் ராஜிநாமாச் செய்தன. 1940 அக்டோபரில் காந்திஜி தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். பிரிட்டிஷ் யுத்தத்துக்கு ஆளாலும் பொருளாலும் உதவுவது தவறு என்று தெருவில் நின்று சொன்னவர்கள் சிறைக்குப் போனார்கள். ராஜாஜியும் அந்த டிசம்பரில் கைதானார். ஒரே தாலுகாவிலிருந்து ஒரு வாலிபன் சிறைக்கும் இன்னொரு வாலிபன் பெங்களூருக்கும் புறப்பட்ட காலம் அது. முதலாமவனுக்கு நாம் மாலை போட்டோம். போட வேண்டியதுதான். இரண்டாமவனைக் கூலிப்படை என்று சொல்லி விட்டு வேறு பக்கம் திரும்பிக் கொண்டோம். அவன் வீட்டு அடுப்பைப் பற்றி அப்போது யாரும் விசாரிக்கவில்லை.

1941 டிசம்பர் 8-ந் தேதி ஜப்பானியர் மலாய் நாட்டின் கோட்டா பாருவில் கரை இறங்கினார்கள். எழுபதே நாளில் எல்லாம் முடிந்தது. 1942 பிப்ரவரி 15-ந் தேதி ஜெனரல் பெர்ஸிவல், புக்கிட் தீமாவில் ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையில், ஜெனரல் யமஷிதாவிடம் சிங்கப்பூரை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டார். கைதானவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இந்தியர்கள். இரண்டு நாள் கழித்து ஃபாரர் பார்க் மைதானத்தில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களைக் கூட்டி, பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானிய மேஜர் புஜிவாராவிடம் ஒப்புவித்தார். ஆடு மாடு கைமாறுவது போல என்று சிலர் பிற்காலத்தில் வருந்திச் சொன்னார்கள். அந்த மைதானத்திலேயே காப்டன் மோகன் சிங், இந்திய தேசிய ராணுவத்தில் சேர வாருங்கள் என்று அழைத்தார்.

சேர்ந்தவர்களின் கதையை நாம் எல்லோரும் அறிவோம். நேதாஜி 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்தார். மலாய் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் அவர் கொடிக்குக் கீழே திரண்டார்கள். 1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் விசாரணை நடந்த போது தேசமே கொதித்து எழுந்தது. எழுந்தது நியாயம்.

சேராதவர்களின் கதையை யாரும் சொல்லவில்லை. அவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரனுக்கு விசுவாசிகள் என்று நினைத்து விடக் கூடாது. எடுத்த பிரமாணத்தை மாற்ற மனம் வராதவர்கள் உண்டு. சீனாவில் ஜப்பானியர் செய்ததைக் கேள்விப்பட்டு அவர்களை நம்பாதவர்கள் உண்டு. தன் சுபேதார் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் என்று நின்றவர்களும் உண்டு. 1942 டிசம்பரில் மோகன் சிங்குக்கும் ஜப்பானியருக்கும் மனஸ்தாபம் முற்றி, அவரையே சிறை வைத்தார்கள். அதன் பிறகு மறுபடி சேர மறுத்தவர்களையும், முதலிலிருந்தே ஒதுங்கி நின்றவர்களையும் வேலைக் கோஷ்டிகளாகப் பிரித்துக் கப்பல் ஏற்றினார்கள். பசிபிக் சமுத்திரத்தில் நியூகினி, நியூ பிரிட்டன் முதலிய தீவுகளுக்குப் போயின அந்தக் கப்பல்கள்.

'புயோ மாரு' என்ற கப்பலில் பஞ்சாப் ரெஜிமெண்டைச் சேர்ந்த இந்தியக் கைதிகள் இருந்தார்கள். உள்ளே இருப்பது யார் என்று அறியாமல் ஓர் அமெரிக்க நீர்மூழ்கி அதன் மேல் குண்டு எய்தது. 195 இந்தியர்கள் மாண்டார்கள். அது நடந்த நாள் 1943 ஜனவரி 26. காங்கிரஸ் மகாசபை 1930 முதல் சுதந்திர தினமென்று கொண்டாடி வந்த அதே ஜனவரி 26!

நியூகினியில் வீவாக் என்ற துறைமுகத்துக்குச் சுமார் 3,000 பேர் கொண்டு போகப்பட்டார்கள். பதுங்கு குழி தோண்டுவது, மூட்டை சுமப்பது, விமானத் தளம் செப்பனிடுவது. ஆகாயத்திலிருந்து நேச நாட்டார் குண்டு. தரையில் மலேரியா, பெரிபெரி, சீதபேதி. அரிசி நின்று போன பின் கண்ட இலைகளும் கிழங்கும். ஜமேதார் சிந்த் சிங் என்பவர் இருந்த கூட்டத்தில், 1945 செப்டம்பர் கடைசியில் செபிக் நதிக்கரையில் அங்கோராம் என்ற இடத்தில் ஆஸ்திரேலியர்கள் கண்டு பிடித்த போது எஞ்சியிருந்தவர்கள் 11 பேர். அந்தப் பதினொருவரின் விதியையும் கேளுங்கள். குற்ற விசாரணையில் சாட்சி சொல்வதற்காகச் சிந்த் சிங் மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டார். மற்றப் பத்துப் பேரும் ஊருக்குப் புறப்பட்ட விமானம் நவம்பரில் விழுந்து நொறுங்கிற்று.

விசாரணையிலே ஜப்பானியத் தரப்பு எடுத்துச் சொன்ன வாதம் விசித்திரமானது. இந்த இந்தியர்கள் யுத்தக் கைதிகளே அல்ல; இஷ்டப்பட்டு வேலைக்கு வந்த துணைப்படையினர்; ஆகவே கைதிகளுக்குரிய சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது என்றார்கள். பிரிட்டிஷாருக்குச் சிப்பாய், காங்கிரஸுக்குக் கூலிப்படை, ஜப்பானியருக்குக் கூலி. மூன்று பேருமாகச் சேர்ந்து அந்த மனிதனுக்கு ஒரு பெயர் வைக்க முடியவில்லை.

(சயாம்-பர்மா ரயில்பாதையில் மடிந்த தோட்டத் தமிழர்களைப் பற்றியும் இங்கே நினைவு வருகிறது. அது இதைவிடப் பெரிய துக்கம். தனியாக எழுத வேண்டியது.)

தேநீர்க் கடைக்குத் திரும்புவோம்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், கீழ்நாட்டுக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த ஒரு மனிதர் இந்த மலைக்கு ஏறி வந்தாராம். எலும்பும் தோலுமாக இருந்தாராம். சிங்கப்பூரில் முகாமில் இருந்த போது பெரியவருடைய தகப்பனாரைத் தெரியும் என்றார். இரண்டு பேரையும் ஒரே கப்பலில் ஏற்றிச் சென்றார்கள். போய்ச் சேர்ந்த தீவில் கடலோரத்திலேயே நெருப்புக் கக்கும் மலை ஒன்று இருந்தது. மலையைக் குடைந்து சுரங்கம் தோண்டினோம். அங்கே காய்ச்சலில் உங்கள் மகன் போய் விட்டார் என்று அப்பத்தாளிடம் சொன்னார்.

அப்பத்தாள் அவருக்குக் கஞ்சி ஊற்றினாள். அவர் குடித்து முடிக்கும் மட்டும் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மலை தண்ணி குடுக்கும், தேன் குடுக்கும், கிழங்கு குடுக்கும். மலை நெருப்புக் குடுக்குமாடா? பொறந்ததுலேருந்து மலையில இருக்கேன், என்கிட்டயா கதை விடுறே?" என்று கேட்டாளாம். மலை பொய்யென்றால் காய்ச்சல் பொய். காய்ச்சல் பொய்யென்றால் மகன் உயிரோடிருக்கிறான். தர்க்க சாஸ்திரத்தில் இதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. வந்த மனிதர் தலையைக் குனிந்து கொண்டு இறங்கிப் போய் விட்டார்.

அன்று அப்பத்தாள் போட்ட தீர்ப்பு அந்தக் குடும்பத்தை எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆண்டிருக்கிறது. மருமகள் தாலியைக் கழற்றக் கூடாது. பூவும் பொட்டும் வைத்துக் கொள்ள வேண்டும். பென்ஷன் காகிதம் ஒன்று வந்தது. கணவன் இறந்ததாக ஒப்புக் கொண்டு கைநாட்டு வைத்தால் பணம். அப்பத்தாள் கட்டை விரலைத் தொட விடவில்லை. இரண்டு பெண்களும் காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் பழம் பறித்துப் பையனை வளர்த்தார்கள். அப்பத்தாள் கண் மூடுகிற சமயத்தில் பேரனிடம் சத்தியம் வாங்கினாள்: உங்கப்பனுக்குத் திதி கொடுக்கக் கூடாது, உயிரோடிருக்கிறவனுக்கு எள்ளுந் தண்ணியும் இறைப்பது பாவம்.

"எங்கம்மா தாலியோடதான் போச்சு. சுமங்கலிப் பொணம்னு ஊரே கும்பிட்டுச்சு. அது மனசில என்ன நெனச்சுதோ, எனக்குத் தெரியாது சார். ஒரு நா கூட அது வாயத் தொறந்து பேசல."

1972-இல் சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கு மத்திய சர்க்கார் பென்ஷன் ஏற்படுத்திய போது, ஐ. என். ஏ. வீரர்களுக்கும் அது உண்டு என்று கேள்விப்பட்டு யாரோ ஒருவர் யோசனை சொன்னாராம்: உன் தகப்பனும் நேதாஜி படையில் இருந்ததாக எழுதிப் போடு. "நெசம் எனக்கே தெரியாது. தெரியாததைத் தெரியும்னு எப்படி எழுதுறது?" என்று விட்டு விட்டார்.

இப்போது நமக்கு ஒரு தர்மசங்கடம். உண்மையைச் சொல்லிக் கொடுப்பது வாத்தியார் தொழில்தான். ஆனால் இந்த உண்மைக்கு விலை என்ன என்பது தெரிந்து விட்ட பிறகு வாய் எழவில்லை. நண்பர் நம் முகத்தைப் பார்த்தார். நாம் அவர் முகத்தைப் பார்த்தோம். பெரியவரே, "சொல்லுங்க சார். எனக்கும் வயசாச்சு. இதுக்கு மேல யாருகிட்ட கேக்கப் போறேன்?" என்றார்.

சொன்னோம். நியூ பிரிட்டன் தீவில் ரபௌல் என்ற துறைமுகம் இருக்கிறது. இன்றைக்குப் பாப்புவா நியூகினி தேசத்தைச் சேர்ந்தது. அங்கே கடலை ஒட்டித் தாவுர்வுர் என்று ஓர் எரிமலை. 1937-இல் வெடித்தது, 1941-இல் மறுபடி குமுறியது, 1994-இல் ஊர் முழுவதையும் சாம்பலால் மூடியது. ஜப்பானியர் லட்சம் பேர் வரையில் அந்தத் தீவில் குவிந்திருந்தார்கள். குண்டு வீச்சுக்குப் பயந்து மலைகளைக் குடைந்து நூற்றுக்கணக்கான மைல் சுரங்கம் அமைத்தார்கள். ஆயிரக்கணக்கான இந்தியக் கைதிகள் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள். 1945 செப்டம்பர் 6-ந் தேதி ஜெனரல் இமாமுரா, ரபௌலுக்கு வெளியே கடலில் நின்ற போர்க் கப்பலில் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பிழைத்திருந்தவர்களுக்கு விடுதலை கிடைத்தது.

நண்பர் கைப்பேசியில் தாவுர்வுரின் படத்தை வரவழைத்தார். கறுத்த குன்று, முனையில் செந்நெருப்பு, கீழே அமைதியான கடல். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கொண்டு, கைப்பேசியை முகத்தோடு ஒட்டி வைத்து வெகுநேரம் பார்த்தார். தேநீர் ஆறிப் போயிற்று.

"அந்தாளு பொய் சொல்லலையே!" என்றார் கடைசியில். சற்றுப் பொறுத்து, "பாவம், அவருக்கு அன்னிக்கி நாங்க கஞ்சி ஊத்தித் திட்டி அனுப்பிச்சோம்" என்றார். தகப்பனாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மரம் இன்னும் அறுபடவில்லை. அவர் நம்மைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். சவ்சவ் பந்தலுக்குப் பின்னால், நாற்பது படி ஏறினால் ஓட்டு வீடு. தகரப் பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் துணி மூட்டை வெளியே வந்தது. மணியார்டர் துண்டுகள் மூன்று. ஆங்கிலக் காகிதம் ஒன்று. 'மலாயாவில் காணாமற் போனவர்' என்ற வாசகம் தெளிவாக இருந்தது. சிப்பாயின் பெயரும் இருந்தது. அவருடைய எண் இருந்த மூலையை ராமபாணப் பூச்சி தின்று விட்டது. புகைப்படம் கிடையாது, எடுத்ததே இல்லை.

யுத்தத்தில் இறந்த காமன்வெல்த் சிப்பாய்கள் அனைவருடைய பெயரையும் போர்க் கல்லறை ஆணையம் பதிந்து வைத்திருக்கிறது. அந்தப் பதிவேட்டை இன்று யாரும் வீட்டிலிருந்தே புரட்டிப் பார்க்கலாம். சிங்கப்பூரில் கிராஞ்சி என்ற இடத்தில் கல்லறை கிடைக்காத 24,000-க்கு மேற்பட்டவர்களின் பெயர்களைச் சுவர்களில் வெட்டியிருக்கிறார்கள். தங்கள் மத வழக்கப்படி தகனம் செய்யப்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கென்று தனி ஞாபகச் சின்னமும் அங்கே உண்டு. ரபௌலுக்குப் பக்கத்தில் பீட்டா பாக்கா மயானத்தில் ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட இரண்டாம் யுத்தக் கல்லறைகள். அவற்றில் புதைந்துள்ள தரைப்படையினரில் பெரும்பாலோர் மலாயாவிலும் ஹாங்காங்கிலும் பிடிபட்ட இந்தியர்கள். சுமார் 500 கல்லறைகளில் பெயர் கிடையாது.

தேடினோம். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு எத்தனை வழி உண்டோ அத்தனை வழியிலும் பட்டாளத்துக் குமாஸ்தாக்கள் எழுதியிருக்கிறார்கள். 'சாமி' என்ற இரண்டு எழுத்துக்கு மட்டும் நாலு ரூபம்! கொடைக்கானல் அன்று மதுரை ஜில்லா. திண்டுக்கல் ஜில்லா பிறந்தது 1985-இல் அல்லவா? சில பதிவுகளில் தகப்பன் பெயர், மனைவி பெயர், ஊர் எல்லாம் அழகாக இருக்கின்றன. சிலவற்றில் எண்ணும் பெயரும் தேதியும் தவிர வேறு ஒன்றும் இல்லை. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு அந்தப் பெயரில் மூன்று பேர் அகப்பட்டார்கள். ஒருவர் பெயர் சிங்கப்பூர்ச் சுவரில். மற்ற இருவர் நியூகினிப் பக்கத்தில். மூன்றிலும் ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை. எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கலாமென்றால் அது பூச்சியின் வயிற்றில் இருந்தது.

மூன்றில் ஒருவராக இருக்கலாம், மூவருமே வேறு யாராகவும் இருக்கலாம் என்று மெல்ல எடுத்துச் சொன்னோம். பெரியவர் யோசித்தார்.

"சிங்கப்பூரு விழுந்தது என்னிக்கின்னீங்க?"

"1942 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. சீனர்களுக்கு அன்று வருஷப் பிறப்பு." சொல்லும் போதே ஒரு விஷயம் நமக்குத் தட்டுப்பட்டது. சீனர்களின் வருஷப் பிறப்பு அமாவாசையை அனுசரித்து வருவது. "அன்று மாசி அமாவாசை, ஐயா."

"அமாவாசையா!" என்றார் பெரியவர். இறந்த தேதி தெரியாதவனுக்கு அமாவாசையில் கொடுப்பதுதானே வழக்கம்? பேரனைக் கூப்பிட்டு ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு வரச் சொன்னார். மூன்று பெயர்களையும், எண்களையும், தேதிகளையும் தமிழில் எழுதித் தரும்படி கேட்டார்.

"மூன்றையுமா?"

"மூணு பேரும் நம்ம ஊரு ஆளுங்கதானே?"

"பெயரைப் பார்த்தால் தமிழ்நாட்டார்தான்."

"அப்புறம் என்ன? மத்த ரெண்டு பேருக்கும் எந்த அப்பத்தா என்ன சத்தியம் வாங்கிட்டுப் போனாளோ! மூணு இலையாப் போட்டுடறேன்."

நண்பர் கணக்கு வாத்தியாரல்லவா? பலகையில் எழுதுவது போல எண்களை ஒவ்வொன்றாக நிறுத்தி அழகாக எழுதிக் கொடுத்தார். கீழே பஸ்ஸின் ஊதல் கேட்டது. மரம் நகர்ந்து விட்டது போலிருக்கிறது. பெரியவர் கொல்லையிலிருந்து ஒரு சீப்பு மலைவாழைப் பழம் அறுத்து வந்து கையில் திணித்தார். நோய்க்குத் தப்பிய ஒரே தார் அது என்றார். காசை நீட்டியதற்கு முகத்தைச் சுளித்தார். படியிறங்கும் போது, அடுத்த மாசி அமாவாசை எந்தத் தேதி, என்ன கிழமை என்று கேட்டார். பஞ்சாங்கம் கையில் இல்லை. பார்த்து எழுதுகிறோம் என்று சொல்லி விட்டு ஓடிப் போய்ப் பஸ்ஸில் ஏறினோம்.

கொடைக்கானலில் இரண்டு நாளும் மழை. ஏரியைச் சரியாகப் பார்க்கவில்லை. ஊர் திரும்பிய அன்றைக்கே பஞ்சாங்கத்தைப் புரட்டி, தேதியும் கிழமையும், அமாவாசை எத்தனை நாழிகைக்குத் தொடங்குகிறது என்பதும் எழுதிப் பெருமாள்மலைக்கு ஒரு கார்டு போட்டோம்.